ஸ்டான்ஃபோர்டின் 4-4-2 ஜோர்டன் மோரிஸை வளர்த்ததா, தடுத்ததா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்களிடம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணியின் பேச்சை எடுத்தால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஜெரமி கன் 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர், அவருடைய 4-4-2 திட்டத்தில் (நான்கு டிஃபெண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) குறை சொல்ல என்ன இருக்கிறது என்பது ஒரு கட்சி. அந்த அணி ஆடியது தடுப்பாட்டமும் நீளப் பந்தும்தான், ஜோர்டன் மோரிஸ் போன்ற ஸ்ட்ரைக்கர் (கோல் போடும் முன்வரிசை வீரர்) அங்கே மூன்று சீசன் இருந்தது வீண் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

முதலில் கணக்கு. அந்த மூன்று ஆண்டுகளிலும் அரையிறுதி, இறுதி என மொத்தம் ஆறு ஆட்டங்கள். ஸ்டான்ஃபோர்ட் வாங்கிய கோல் பூஜ்யம். போட்ட கோல் ஏழு. அதில் நான்கு ஒரே ஆட்டத்தில் வந்தவை, 2015 இறுதியில் கிளெம்சனுக்கு எதிராக. அந்த நான்கில் இரண்டு மோரிஸ் போட்டது, முதலாவது இரண்டாம் நிமிடத்திலேயே. அவர் தொழில்முறை அணியான சியாட்டில் சவுண்டர்ஸுக்குப் போன பிறகு, 2016-இல் அரையிறுதியும் இறுதியும் 0-0 முடிந்து பெனால்டி ஷூட்அவுட்டில்தான் தீர்ந்தன. 2017 இறுதியில் இண்டியானாவுக்கு எதிரான ஒற்றை கோலும் இரண்டாவது கூடுதல் நேரத்தில் வந்தது. அதாவது தடுப்பு அமைப்பு மோரிஸை நம்பி இருக்கவில்லை. அவர் இருந்தபோது கிடைத்த ஒரே கூடுதல், எதிரணி டிஃபென்ஸின் முதுகுப் பக்கம் ஓடுவதற்கு ஓர் ஆள்.

4-4-2-இல் தடுப்பு தொடங்குவதே இரண்டு ஸ்ட்ரைக்கர்களிடம் இருந்துதான். பந்து எதிரணி செண்டர் பேக்கிடம் (நடு டிஃபெண்டர்) இருக்கும்போது ஒருவர் வளைந்து ஓடி அவரை ஒரு பக்கத்துக்குத் தள்ள வேண்டும். மற்றவர் எதிரணியின் தடுப்பு மிட்ஃபீல்டருக்கும் பந்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். இருவருக்கும் இடைவெளி எட்டு முதல் பன்னிரண்டு மீட்டர். அது பதினைந்தைத் தாண்டினால் நடுவில் ஒரே பாஸில் இருவரையும் கழித்துவிடுவார்கள்; பின்னால் இருக்கும் நான்கு மிட்ஃபீல்டர்களில் ஒருவர் மேலே வந்தாக வேண்டும், அவர் விட்ட இடத்தில் அடுத்த பாஸ் போகும். வழக்கமாக நடக்கும் தப்பு, நேர்கோட்டில் ஓடிப்போய் பிரஸ் செய்வது, அதாவது நெருக்கடி கொடுப்பது. நேராக ஓடினால் செண்டர் பேக்குக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஓட்டத்தை வளைத்தால்தான் ஒரு பக்கம் அடைபடும். கோல் கணக்கில் வராத வேலை இது. ஆனால் இதைச் சரியாகச் செய்ததால்தான் பந்து எதிரணிப் பாதியிலேயே மீட்கப்பட்டு, மோரிஸ் ஓடுவதற்கு வெட்டவெளி கிடைத்தது.

அந்த ஓட்டம்தான் அவர் கல்லூரியில் நன்றாகத் தேறிய பாடம். செண்டர் பேக்குக்கும் ஃபுல் பேக்குக்கும் (ஓர டிஃபெண்டர்) நடுவில் ஒரு சந்து இருக்கும். அங்கே ஓடுவதற்கு முன் ஸ்ட்ரைக்கர் செண்டர் பேக்கின் தோளுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத பக்கம் நிற்க வேண்டும். பாஸ் கொடுப்பவர் தலை தூக்கும் கணத்தில் முதல் அடி. பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகு ஓடினால் தாமதம்; அவர் இன்னும் பந்தை அடக்கிக்கொண்டிருக்கும்போதே ஓடினால் ஆஃப்சைடு. ஓட்டத்தின் முதல் இரண்டு மீட்டர் டிஃபெண்டர்கள் நிற்கும் கோட்டுக்கு இணையாக, பக்கவாட்டில். பிறகுதான் கோலை நோக்கித் திரும்புவது. இதனால் உடம்பு பாதி திறந்திருக்கும், பந்தும் கோல்கீப்பரும் ஒரே பார்வையில் விழுவார்கள். அடுத்தது முதல் தொடுகை: துரத்தி வரும் டிஃபெண்டரின் பாதைக்குக் குறுக்கே பந்தைத் தள்ள வேண்டும். அப்போது அவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லை ஃபவுல் செய்ய வேண்டும். வேகமான ஆள் இந்தத் தொடுகையைப் பழகாமல் வெளிப்பக்கம் தட்டிவிட்டால், வேகம் அவரைக் கார்னர் கொடிக்குத்தான் கொண்டுபோகும்.

இதில் மோரிஸ் எவ்வளவு தேறியிருந்தார் என்பதற்கு அமெரிக்கத் தேசிய அணியே சாட்சி. 2014 உலகக் கோப்பைக்கு முன் அந்த அணி ஸ்டான்ஃபோர்டில் முகாமிட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் மோரிஸுக்கு அயர்லாந்துக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகம். 2015 ஏப்ரலில் சான் அண்டோனியோவில் மெக்சிகோவுக்கு எதிராகத் தொடக்க வரிசையில் இறங்கி கோல். அப்போதும் அவர் மாணவர்தான். சியாட்டில் ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்து மூன்றாவது சீசன் ஆடியதைத்தான் இரண்டாவது கட்சி வீண் என்கிறது. அந்த சீசனில்தான் தேசியப் பட்டமும், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெர்மன் விருதும் வந்தன. அதை வீண் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் அவர்கள் குறையில் ஒரு பாதி உண்மை. ஜோடி ஸ்ட்ரைக்கர் பக்கத்தில் இருந்தால் உயரப் பந்துக்கு ஒருவர் முட்டலாம், மற்றவர் ஓடலாம். ஒற்றை ஸ்ட்ரைக்கர் ஆட்டத்தில் இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும். கோலுக்கு முதுகு காட்டி நின்று, முதுகில் ஒரு டிஃபெண்டரைத் தாங்கிக்கொண்டு, அவருக்குத் தூரமான காலில் பந்தை வாங்கி, மிட்ஃபீல்டர் வந்து சேரும் வரை இரண்டு விநாடி பிடித்து வைக்க வேண்டும். இந்தப் பழக்கம் 4-4-2-இல் தானாக வராது. மோரிஸ் 2016-இல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான மேஜர் லீக் சாக்கரில் 12 கோல் போட்டு ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார், சரி. ஆனால் அந்த வருஷமே பல ஆட்டங்களில் ஓரத்தில் ஆடினார்; பிறகு ஸ்ட்ரைக்கர் ராவுல் ருயிடியாஸ் சியாட்டிலுக்கு வந்ததும் முழு விங்கராகவே மாறி 2019-இல் 10 கோல் போட்டார். கல்லூரியில் அவருடன் முன்வரிசையில் ஆடிய கோரி பேர்ட், அதே தொடரில் ஆடும் ரியல் சால்ட் லேக் அணியில் 2018-இன் சிறந்த புதுமுகம் ஆனவர், அவரும் பெரும்பாலும் ஓரத்தில்தான். ஒரே அணியின் இரண்டு ஸ்ட்ரைக்கர்கள் ஓரத்துக்கே நகர்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. சந்தில் ஓடக் கற்ற கால்களுக்கு விங் பொருத்தமான இடம்.

இதற்குத் திட்டத்தை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். கல்லூரிக் கால்பந்தின் விதிகளுக்கே இதில் பெரிய பங்கு. முதல் பாதியில் வெளியே போனவர் அதே பாதியில் திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் ஒரு முறை திரும்பலாம். அதனால் பயிற்சியாளர்கள் முப்பதாவது நிமிடத்தில் ஸ்ட்ரைக்கரை உட்கார வைத்து, இடைவேளைக்குப் பின் புதுக் கால்களோடு இறக்குவார்கள். அன்றைய ஆட்டத்துக்கு அது லாபம். ஆனால் களைத்த காலோடு எழுபத்தைந்தாவது நிமிடத்தில் எந்த ஓட்டத்தை ஓடுவது, எதை விடுவது என்ற கணக்கைத் தொழில்முறைக்குப் போய்த்தான் படிக்க வேண்டியிருக்கிறது. சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும், வாரத்துக்கு இரண்டு ஆட்டம் சாதாரணம். ஆட்டம், மீட்பு, ஆட்டம் என்று போகும் வாரத்தில் தனித்திறன் பயிற்சிக்கு இடமே இல்லை. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், சீசனுக்கு வெளியே 8 மணி நேரம் என்று வரம்பு வேறு.

ஆகவே சீசன் இல்லாத இளவேனில் மாதங்களை என்ன செய்கிறார்கள் என்பதே ஸ்ட்ரைக்கர் வளர்ச்சியின் உண்மையான கேள்வி. கையில் இருக்கும் நேரத்தில் வாரம் மூன்று முறை, தலா இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கினாலே நிறையச் செய்யலாம். முதல் பத்து நிமிடம் முதுகு காட்டி வாங்குவது: பதினைந்து மீட்டரிலிருந்து தரைப் பந்து, பின்னால் உண்மையான டிஃபெண்டர், டம்மி (பயிற்சிப் பொம்மை) அல்ல. டம்மி தள்ளாது, தள்ளாத டிஃபெண்டரிடம் பழகினால் எடையைக் கீழே இறக்கி நிற்கும் பழக்கமே வராது. அடுத்த பதினைந்து நிமிடம் பலவீனமான காலால் பெனால்டி பெட்டிக்குள் இருந்து நாற்பது பந்து, பாதி ஒரே தொடுகையில். பந்து எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து, ஒரே வேகத்தில் வந்தால் பயிற்சி கெட்டுவிடும். அடுத்து எது வரும் என்று ஸ்ட்ரைக்கருக்குத் தெரியக் கூடாது. இந்த இரண்டும் களைப்புக்குப் பின்னால் நடக்க வேண்டும், ஆரம்பத்தில் அல்ல.

ரசிகர்களும் கோலை மட்டும் எண்ணாமல், ஒரு பாதி நேரம் ஸ்ட்ரைக்கரை மட்டும் பார்த்துக் குறித்துப் பாருங்கள்: முதுகு காட்டி எத்தனை பந்து வந்தது, அதில் எத்தனை தன் அணியிடமே தங்கியது, சந்தில் எத்தனை முறை ஓடினார், அதில் எத்தனைக்குப் பாஸ் வந்தது. ஓட்டம் பத்து, பாஸ் இரண்டு என்றால் கோளாறு மிட்ஃபீல்டில். முதுகு காட்டி வாங்கியது எட்டு, தங்கியது இரண்டு என்றால் அந்தப் பையனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். 4-4-2-ஐ, நடுவில் ஒரே ஸ்ட்ரைக்கர் உள்ள 4-3-3 ஆக்கினால் இந்த இரண்டாவது எண் ஏறாது. நடுவில் தனியாக விட்டால் இன்னும் இறங்கும்.