கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன

பக்கவாதம் என்ற சொல்லே எங்களைத் திசைதிருப்பிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு பக்கம் விழுந்துவிடும், வாய் கோணிக்கொள்ளும், பேச்சு குழறும் என்றே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் தோ பாயோவிலுள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அம்மாவுக்கு அது வந்தபோது, கை கால்கள் இருபுறமும் அசைந்தன, முகம் நேராக இருந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது.

6.30 மணிக்குக் காப்பி கலந்து கொடுத்தவர், சற்று நேரத்தில் வீடே சுழல்கிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். பின்மண்டை வலிக்கிறது என்றார். முகம், கை, பேச்சு ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சிரிக்கச் சொன்னேன், இரு கைகளையும் உயர்த்தச் சொன்னேன், அன்றைய தேதியைக் கேட்டேன். மூன்றும் சரியாக இருந்ததால் நிம்மதியடைந்தேன். அந்த மூன்றுக்கும் முன்னால் நிற்கவும் நடக்கவும் முடிகிறதா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மருத்துவமனையில்தான் கற்றுக்கொண்டேன். பித்தமாக இருக்கும் என்று பெரியம்மா தொலைபேசியில் சொல்ல, இஞ்சிச் சாறு வேறு கொடுத்தோம். மூளையின் பின்பகுதி பாதிக்கப்பட்டால் விழுங்கும் திறனும் கெடக்கூடும், குடித்தது நுரையீரலுக்குள் போகக்கூடும் என்று பின்னர் அறிந்தபோது உடல் நடுங்கியது.

8.30 மணிக்குத் திறக்கும் தனியார் மருந்தகத்துக்கு (கிளினிக்) டாக்சியில் அழைத்துச் சென்றோம். அம்மாவின் முறை வந்தபோது மணி 9.20. மருத்துவர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தே காதுகளைப் பார்த்தார், ரத்த அழுத்தம் அளந்தார், உள்காதுக் கோளாறு என்று கூறித் தலைச்சுற்றல் மாத்திரைகளைத் தந்தார். எழுந்து நான்கு அடி நடக்கும்படி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அம்மா இடப்பக்கமாகச் சாய்வதை அவரே பார்த்திருப்பார். இந்த ஆதங்கம் இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

வீடு திரும்பி ஒரு மணி நேரத்தில் அம்மாவால் நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை. அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழைத்தோம். அண்டை வீட்டுக்காரர் ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னார்; தொலைபேசியில் பேசிய அலுவலர் எதையும் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்து ரத்தம் கசிகிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கிவிடும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் கேட்ட கேள்வி, எப்போது தலை சுற்றியது என்பதன்று. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது. 6.30 என்றேன். அப்போது மணி 11.40. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அந்த நேரம் 11 மணியோடு முடிந்திருந்தது. மருந்தகத்தில் அம்மா மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தபோது இன்னும் 1 மணி 40 நிமிடம் மிச்சம் இருந்தது.

சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்பது தெரிந்தது. அடைப்பு தெரியவில்லை. "ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது" என்று கேட்டதும் மகிழ்ந்துவிட்டேன். ஆனால் முதல் சில மணி நேரங்களில் அடைப்பு சிடியில் தெரியாமல் போகலாம், அதிலும் எலும்பு சூழ்ந்த சிறுமூளைப் பகுதியில் அது எளிதில் புலப்படாது. எம்ஆர்ஐதான் இடப்பக்கச் சிறுமூளையில் ஒரு பகுதி ரத்தமின்றிப் போயிருப்பதைக் காட்டியது. வீக்கம் வந்து மூளைத்தண்டை அழுத்துகிறதா என்று சில நாட்கள் கண்காணித்தார்கள். நல்லவேளையாக அப்படி நேரவில்லை.

நரம்பியல் மருத்துவர் அதன் பிறகும் விடவில்லை. அடைப்பா கசிவா, எந்த இடம் என்பதோடு நிறுத்தாமல், ஏன் என்று தேடினார். அடைப்பால் வரும் பக்கவாதத்தைக் காரணப்படி ஐந்தாகப் பிரிக்கும், 1993இல் வெளியான டோஸ்ட் என்ற வகைப்பாட்டைச் சொல்லி விளக்கினார்: பெரிய குழாயில் படிந்த கொழுப்பு, இதயத்திலிருந்து வந்த கட்டி, சிறு குழாய் அடைப்பு, வேறு அறிந்த காரணம், காரணம் தெரியாதது. மூன்றாம் நாள், இடைவிடாத இதயத் துடிப்புப் பதிவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு அகப்பட்டது. துடிப்பு ஒழுங்கில்லாமல் போய், இதயத்தில் உறைந்த ரத்தம் மூளைக்கு ஏறியிருக்கிறது. ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் காக்கும் வேறு மாத்திரை வேண்டும் என்று முடிவானது அதனால்தான். வகை தெரியாமல் வீடு திரும்பாதீர்கள்.

காப்பீட்டுக் கோரிக்கையில் இன்னொரு அலைச்சல். நான்காம் வாரத்தில் தாள்களை அடுக்கிக்கொண்டு, பாதி நாள் விடுப்பெடுத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் முகப்புக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் மருந்தகச் சீட்டில் இருந்த உள்காதுக் கோளாறு என்ற வரியைச் சுட்டிக்காட்டி, இது பக்கவாதம்தானா என்று கேட்டார். சிங்கப்பூர்க் கடும்நோய்க் காப்பீடுகளின் பொது வரையறைப்படி, நிரந்தர நரம்பியல் குறைபாடு இருப்பதை நரம்பியல் மருத்துவர் குறைந்தது 6 வாரங்களுக்குப் பின் உறுதிசெய்ய வேண்டும், ஸ்கேனும் அதற்குப் பொருந்த வேண்டும். தற்காலிகமாக வந்து போகும் சிறு தாக்கத்துக்கும், உள்காதுச் சமநிலை உறுப்பின் ரத்த ஓட்டக் குறைவுக்கும் தொகை கிடையாது. ஆகவே 6 வாரம் முடியும் முன் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். மருத்துவமனை தந்த முதல் கடிதத்தில் பக்கவாதம் என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், வகையையும் இடத்தையும் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஏழாம் வாரப் பரிசோதனையில் மருத்துவர் அம்மாவை நடைபாதை முழுவதும் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு இடப்பக்கச் சிறுமூளை அடைப்பு, காரணம் இதயக் கட்டி, நீங்காத நடைத் தள்ளாட்டம் என்று ஒரே பத்தியில் எழுதினார். எம்ஆர்ஐ அறிக்கையோடு அதை இணைத்தேன். கோரிக்கை மறுகேள்வியின்றி ஏற்கப்பட்டது. அம்மா இப்போது தேக்கா சந்தைக்கு என்னோடு வருகிறார். மீன் கடையின் ஈரத் தரை வந்ததும் கேட்காமலே என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்.