டர்ஹாமில் புனித கத்பர்ட்டின் கல்லறை

டர்ஹாம் பேராலயம் ரயிலில் வரும்போதே தெரிந்துவிடுகிறது. ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட பாறை மேட்டில், கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டுமே பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் கட்டியவை. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள், கலகத்தை அடக்கவென்று 1069-70 குளிர்காலத்தில் இந்த வடநாட்டு ஊர்களைக் கொளுத்தினார்கள். தோற்ற மக்களின் புனிதரான, ஏழாம் நூற்றாண்டுத் துறவி கத்பர்ட்டுக்கு இவ்வளவு பெரிய ஆலயம் எழுப்பியவர்களும் அவர்களேதான்.

ஆயர் வில்லியம் 1093-இல் வேலையைத் தொடங்கினார். 1133-க்குள் நடுக்கூடத்துக்குக் கல்கூரை போட்டுவிட்டார்கள். தூண் ஒவ்வொன்றும் எத்தனை பருமன்! ஒன்றில் நெளிகோடு, இன்னொன்றில் சாய்சதுரம். வெட்டிய பள்ளத்துக்குள் விரல் பதிகிறது. மேலே கல் விலா எலும்புகள் குறுக்கும் மறுக்குமாய் ஓடிக் கூரையைத் தாங்குகின்றன. நடுக்கூடத்தின் குறுக்கு வளைவுகள் நுனி கூர்ந்தவை. பின்னால் வந்த கோதிக் கோயில்களின் சாயல் இங்கேயே தெரிகிறது.

தரையில், மேற்குப் பக்கம், ஒரு கறுப்புக் கல் கோடு. அந்தக் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. "இப்ப போகலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே அம்மா தாண்டினார். கத்பர்ட் பெண்களை வெறுத்தவர் என்று ஒரு கதை உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. அரச குலத்துப் பெண் துறவி ஏல்ஃப்லெட் அவரிடம் ஆலோசனை கேட்டதை, அவர் வரலாற்றை எழுதிய துறவி பீட் சொல்லியிருக்கிறாரே! 1083-இல் இதே வில்லியம், கல்லறையைக் காத்துவந்த மனைவி மக்கள் உள்ள குருக்களை அனுப்பிவிட்டு பெனடிக்ட் சபைத் துறவிகளைக் கொண்டுவந்தார். கோடு அந்தப் புது ஒழுங்கின் மிச்சம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் புனிதரை மட்டும் நார்மன்கள் மாற்றவில்லை. 687-இல் ஃபார்ன் தீவில் இறந்தவர் கத்பர்ட். கடல்வழி வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளுக்குப் பயந்து 875-இல் துறவிகள் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்திலிருந்து அவர் உடலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர் ஊராய் அலைந்து 995-இல் இங்கே வந்து சேர்ந்தது. புது ஆலயத்தின் உயர்பீடத்துக்குப் பின்னால் 1104-இல் வைத்தார்கள். ரோமிலிருந்து பிரிந்த அரசர் எட்டாம் ஹென்றி காலத்தில் அலங்காரமெல்லாம் பிடுங்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரு வெறும் கல்பலகை, மேலே லத்தீனில் பெயர். பக்கத்தில் முழங்காலிட்டு கத்தோலிக்கச் செபமான அருள் நிறைந்த மரியே சொன்னோம். இது ஆங்கிலிக்கன் ஆலயம்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் மேற்குக் கோடியில் உள்ள கலிலேயாச் சிற்றாலயத்துக்குப் போனோம். பீட் அடக்கமாகியிருப்பது அங்கேதான். அம்மா அவருக்கும் ஒரு செபம் சொன்னார்.