போன் கறுத்துப்போன அரை நிமிடம்

என் போனைப் பக்கவாட்டில் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் போட்டிருந்த கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது திரை கறுத்துவிட்டது. "இன்னா தம்பி, செத்துப் பூட்ச்சி?" என்றார். "அதாண்ணா ஒரிஜினல்" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். போனை நிமிர்த்தினேன், திரை திரும்ப வந்தது. பில் போடச் சொன்னார்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் கண்ணாடிக் கடையில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நடப்பது. ஆனால் ஏழு மாதமாக இந்த அரை நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில், சாப்பிடும்போது, சில நாள் கடையில் வேறு யாருக்கோ லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கும்போது.

அவர் காசிமேட்டுக்காரர், சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. கண்ணில் சதை வளர்கிறது என்று எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். வெயிலில் கண்ணாடி இல்லாமல் கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "கடலுக்குப் போட்னு போறா மாதிரி நல்ல கூலிங் கிளாஸ் ஒண்ணு குடு" என்றபடி, நடைபாதையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய பழசைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கவுன்டரில் வைத்தார். அதன் ஒரு காதுக் கம்பியில் திருகு விழுந்துபோயிருந்தது. அந்த ஓட்டைக்குள் தூண்டில் நரம்பைக் கோத்து முடிச்சிட்டிருந்தார். மடக்கினால் மடங்குகிறது, விரித்தால் விரிகிறது, முடிச்சின் வால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எங்கள் கடையில் திருகு மாட்டுகிற நான் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் நன்றாகத்தான் வேலை செய்தேன். இதைச் சொல்லியாக வேண்டும். கறுப்பாக இருந்தால் மட்டும் போதாதுண்ணா, புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி போட்டால் உள்ளே கண்பாப்பா விரிந்துகொள்ளும், கெடுதல் கூடத்தான் செய்யும், அதனால் யுவி நானூறு என்று போட்டிருக்கிறதா பாருங்கள் என்றேன். நேற்றுவரை அவர் போட்டிருந்தது அந்த வகைதான் என்று கடை மெஷினில் வைத்துக் காட்டினேன். பக்கவாட்டில் வெளிச்சம் நுழையாதபடி முகத்தைச் சுற்றி வளைந்த ஃபிரேமாக எடுத்துக் கொடுத்தேன். நிறத்தைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசியிருப்பேன். எண்ணூர் முகத்துவாரம் மாதிரி ஆழமில்லாத கலங்கல் தண்ணீரில் அடி பார்க்க வேண்டுமென்றால் பழுப்பு நல்லது, எதையும் கொஞ்சம் எடுத்துக்காட்டும். விடியற்காலைக்கு மஞ்சள். வெட்டவெளிக் கடலில் நடுப்பகல் வெயிலுக்குச் சாம்பல் நிறம்தான், நிறங்கள் மாறாமல் தெரியும். லென்ஸின் கறுப்பை வகை பிரித்திருப்பதில் மூன்றாம் வகை இருட்டு போதும், நான்காம் வகை எடுத்தால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு காய்ந்த கண்ணாடியை லுங்கியால் துடைத்தால் கோடு விழும். கழுத்தில் மாட்டக் கயிறு ஒன்றும் இலவசமாகக் கொடுத்தேன். 1,650 ரூபாய். அதில் எனக்கு ஐம்பது.

அப்புறம் அந்த அட்டை. அவருக்குக் கொடுத்த மாதிரி, கூசும் வெளிச்சத்தை வடிகட்டுகிற போலரைஸ்டு கண்ணாடி விற்கிற எல்லாக் கடையிலும் இருக்கும். வெறும் கண்ணுக்கு ஏதோ பளபளப்பு, கண்ணாடி போட்டுப் பார்த்தால் உள்ளே மீன் தெரியும். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த மீனுக்கு பேரு இன்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அப்டி ஒரு மீனே கெடையாது தம்பி" என்றார். அட்டை அவரிடம் எடுபடவில்லை. அதனால்தான் போனை எடுத்தேன்.

பத்து நாள் கழித்து வந்தார். சண்டைக்கு இல்லை, மூக்கில் உட்காரும் ரப்பர் கழன்றிருந்தது, அதை மாட்ட வந்தார். நான் மாட்டிக்கொண்டிருக்கும்போது, மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

கண்ணாடி வாங்கிய மூன்றாம் நாள். முந்தைய சாயங்காலம் பார் என்கிற கடலடிப் பாறை ஓரமாக வலையை வைத்துவிட்டு, இடத்தை ஜி.பி.எஸ்ஸில் குறித்துவிட்டு வந்திருக்கிறார். காலையில் போட்டின் இன்ஜின் தகராறு, சரிபண்ணிக் கிளம்பவே வெயில் ஏறிவிட்டது. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போகிறார். பாதி தூரத்தில் ஜி.பி.எஸ்ஸைப் பார்த்தால் திரை கறுப்பு. கையடக்க மெஷின் அது. ஈரம் படாமல் இருக்க டப்பாவுக்குள் பக்கவாட்டில் படுக்கவைத்திருக்கிறார். அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். பேட்டரி ரெண்டையும் மாற்றினார். கூடப் போன மச்சான் கண்ணாடி போடாதவன், ஆனால் அவன் படகின் முன்பக்கம், அணியத்தில் கயிறு பிரித்துக்கொண்டிருந்தான், அவனிடம் காட்டத் தோன்றவில்லை. அன்றைக்குக் கரையில் ஒரே மங்கல், அடையாளம் பிடிக்க எதுவும் சரியாகத் தெரியவில்லை. "முன்னெல்லாம் அத்திப்பட்டு புகக்கூண்ட வச்சே வலைய எடுப்போம். இப்ப மிஷினு பழகிட்சி." ஒன்றரை மணி நேரம் வலையின் அடையாளக் கொடியைத் தேடிவிட்டுத் திரும்பிவிட்டார். துறைமுகத்துக்குள் நுழைகிறபோது வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினால், டப்பாவுக்குள் மெஷின் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது. புள்ளி, கோடு, எல்லாம்.

"அப்பதான் நீ போன காட்னது ஞாபகம் வந்துச்சி" என்றார்.

மறுநாள் போய் வலையை எடுத்திருக்கிறார். ஒரு நாள் கூடுதலாகக் கிடந்த வலையில் என்ன இருக்கும்? பாதியை நண்டு கடித்திருந்தது, மீதி ஊறிப்போயிருந்தது. அது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடக்கும், சின்னப் படகுக்காரர்களுக்கு ஏலத்தில் கொஞ்சம் விலை கிடைக்கிற ரெண்டு மாதம். அதில் ஒரு நாள் டீசலோடு போயிற்று. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ரப்பருக்குக் காசு வேண்டாம் என்றேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு இருபது ரூபாயைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த "எதுக்கு?" எனக்குப் பிடிபடவே இல்லை.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. தண்ணீரில் பட்டுத் திரும்புகிற கூசும் வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. போலரைஸ்டு லென்ஸ் நிமிர்ந்த அதிர்வை மட்டும் விடும், படுத்ததை நிறுத்திவிடும். ஒரு சீப்பின் பல்லுக்குள் இன்னொரு சீப்பைக் குறுக்கே செருகப் பார்க்கிற மாதிரி. போன், கால்குலேட்டர், ஜி.பி.எஸ் என்று எல்.சி.டி திரை எதுவானாலும் அதன் முகத்திலும் இதே மாதிரி ஒரு தகடு ஒட்டியிருக்கிறது. கண்ணாடியில் உள்ள தகடும் திரையில் உள்ள தகடும் குறுக்குமறுக்காக வந்தால் வெளிச்சம் மொத்தமும் அடைபட்டுப்போகும். தலையைச் சாய்த்தால் போதும், அல்லது மெஷினை நிமிர்த்தி வைத்தால் போதும். ஒரு வரி. நான் அவரிடம் சொன்ன நாற்பது வரியில் அந்த ஒரு வரி இல்லை.

ஆனால் காட்டினேன் இல்லையா? இங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். அவர் கண் முன்னால், அதே கண்ணாடியில், ஒரு திரையை அணைத்துக் காட்டினேன். இதைவிடத் தெளிவாக ஒரு எச்சரிக்கையை யாரும் கொடுக்க முடியாது. முதலாளியிடம் சொன்னபோது அவரும் இதையேதான் சொன்னார்: "காட்னதானே, அப்புறம் இன்னா?" பில்லிங்கில் இருக்கும் அக்கா, "கழட்டிப் பாத்திருக்கலாம்ல அவரு" என்றார். கண்ணாடி போட்டுப் பழகாதவருக்குக் கழற்றிப் பார்க்கத் தோன்றாது, மூன்றாம் நாள்தானே என்று நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவர்களிடம் எதற்கு வம்பு.

காட்டினேன் என்பது சரி. எதற்காகக் காட்டினேன்? மாலை ஐந்து மணி, அன்றைக்குப் பெரிய வியாபாரம் இல்லை, அட்டை கைகொடுக்கவில்லை, அவர் கை பழைய கண்ணாடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வித்தை காட்டுகிறவன் மாதிரிதான் போனை எடுத்தேன். "செத்துப் பூட்ச்சி" என்று அவர் சொன்ன இடத்தில் உண்மையில் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பின்னால் வாலாக ஒரு இழுப்பு இருந்தது. நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். இல்லை, கேள்வி என்று தெரிந்தே வியப்பாக மாற்றிவிட்டேனா? இதில்தான் நினைவு என்னைக் கைவிடுகிறது. ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். இன்னொரு நாள் ஓட்டினால் முதலில் நான் சிரிக்கிறேன், அதைப் பார்த்துத்தான் அவர் சிரிக்கிறார்.

படகில் ஜி.பி.எஸ் இருக்குமென்று எனக்குத் தெரியுமா? இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாமல் எப்படி? என் சித்தப்பா வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி மேல்தான் அது சார்ஜில் கிடக்கும். ஆனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைப் பார்க்கும்போது எனக்கு அவர் கண்ணும் பணப்பையும்தான் தெரிகிறது, படகு தெரிவதில்லை. இதை ஒரு சாக்காகச் சொல்கிறேனா, ஒப்புக்கொள்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

டிப்ளமா படிக்கும்போது எங்கள் சார் ஒரு கதை சொல்வார். நம்ம மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி.ராமன், 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது, சட்டைப்பையில், போலரைஸ்டு லென்ஸ் மாதிரியே வெளிச்சத்தை வடிகட்டுகிற ஒரு நிக்கோல் பட்டகத்தை வைத்திருந்தாராம். மத்தியதரைக் கடலில் அதை வைத்துக் கடலைப் பார்க்கிறார். மேலே மினுங்குகிற வானத்தின் பிம்பத்தை அந்தப் பட்டகம் அழித்துவிட, அப்போதும் கடல் நீலமாகவே இருக்கிறது, இன்னும் அழுத்தமான நீலம். கடலின் நீலம் வானத்தின் நிழல் மட்டும் இல்லை என்று எழுதினார். போலரைஸ்டு விற்கும்போது இந்தக் கதையை நானும் சில பேரிடம் சொல்லியிருக்கிறேன், நன்றாக எடுபடும். ராமன் பட்டகத்தைக் கையில் வைத்திருந்தார், வேண்டும்போது கண்ணிலிருந்து எடுத்தார், பட்டகத்தோடு பார்ப்பது ஒன்று, பட்டகம் இல்லாமல் பார்ப்பது ஒன்று என்று அவருக்குத் தெரியும். நான் விற்றதோ கயிறு போட்டுக் கழுத்தோடு மாட்டிவிடுகிற பட்டகம். இந்த வித்தியாசம் அந்த மே மாதத்துக்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன, அதற்கு முன் எத்தனை பேருக்கு விற்றிருப்பேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எல்லோரிடமும் சொன்னேன். ஆட்டோக்காரரிடம், கல்லூரிப் பையனிடம், கல்யாணத்துக்கு வாங்க வந்தவரிடம். "சில திரை கறுப்பா தெரியும்ண்ணா, தலைய சாச்சா சரியாயிடும்." துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் அதைக் கேட்டதும், "எனக்கு கேபின்ல மூணு ஸ்கிரீன் கீது, வேணாம்பா" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளி அன்றைக்கு முழுவதும் என்னிடம் பேசவில்லை. அந்தக் கிரேன்காரர் விஷயத்தில் நான் சரியாக நடந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கப்போனால் போலரைஸ்டு இல்லாத சாதாரண யுவி கண்ணாடியை அவருக்கு எடுத்துக் காட்டியிருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. சொல்வதைச் சொல்லிவிட்ட திருப்தியில் நின்றுவிட்டேன்.

இப்போது முன்புபோல எல்லோரிடமும் சொல்வதில்லை. கேட்டால் சொல்கிறேன். சில பேரிடம் கேட்காமலே சொல்கிறேன். யாரிடம் சொல்கிறேன், யாரிடம் விடுகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும், அது மாதக் கடைசி, மாத ஆரம்பம் என்கிற கணக்காக இருந்துவிடுமோ என்று பார்க்கப் பயமாக இருக்கிறது.

போன வாரம் அவர் திரும்ப வந்தார். கூட அந்த மச்சான். அவனுக்கும் அதே கண்ணாடி வேண்டுமாம். நல்ல கண்ணாடி, கண் எரிச்சல் அடியோடு போய்விட்டது, தண்ணீருக்குள் ஓடுகிற மீனே தெரிகிறது என்று எனக்கு முன்னாலேயே அவனிடம் எனக்காக வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் போட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்தான்.

"அந்த போன காட்டு தம்பி இவனுக்கு" என்றார்.

போனை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினேன். மச்சான் "அடடே" என்றான். நான் அவரைப் பார்த்தேன். அவரும் கண்ணாடியைக் கழற்றவில்லை, கடைக்குள்ளும் போட்டுக்கொண்டுதான் நின்றார். என்னைப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

"மிஷின நிமுத்தி வைக்கணும்ண்ணா" என்றேன், மச்சானிடம். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. பில்லிங் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அதான் நிமுத்தி வச்சிகிறோமே அப்பலேர்ந்து" என்றான் மச்சான்.