ஒரு காம்பில் ஒரு கூட்டம்

இன்று காலை கல்லடிப் பக்கம் வீதியோர மணல் முழுக்க மூக்குத்திப்பூ.

ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய இதழ் போலத் தெரியும் ஐந்தும் தனித்தனிப் பூக்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல் இருக்கும். நடுவில் மஞ்சளாகக் குவிந்திருப்பவை குழாய் வடிவச் சிறு பூக்கள். வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு சுற்றாக விரியும்.

ஒரு பூப் போலத் தெரிவது உண்மையில் பல பூக்களின் கூட்டம். ஆஸ்டர் குடும்பம் என்றால் இதுதான். சூரியகாந்தி, செவ்வந்தி, கரிசலாங்கண்ணி எல்லாமே இதற்குள் அடக்கம்.

கடையில் ஆஸ்டர் விதை என்று வாங்குவது பெரும்பாலும் சீன ஆஸ்டர். அது கலிஸ்டெஃபஸ் பேரினம், அதில் அந்த ஒரே இனம்தான். ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். பல்லாண்டு நிற்கும் நியூ இங்கிலாந்து ஆஸ்டர் இப்போது சிம்பியோட்ரைக்கம் பேரினத்தில் இருக்கிறது. அது குளிர்நாட்டுச் செடி, எங்கள் வெக்கைக்கு வேண்டாம்.

சீன ஆஸ்டரை மாரிமழை ஓய்ந்ததும் தை மாதத்தில் போடுங்கள். மணலோடு மக்கிய மாட்டெரு கலந்து, கன்றுக்குக் கன்று ஒரு அடி விட்டால் போதும். பழைய விதை சரியாக முளைக்காது.

ஒரு பக்க இலை மட்டும் வாடி, அடித்தண்டு கறுத்தால் அது பியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய். தண்ணீர்க் குறை என்று நினைத்து ஊற்றாதீர்கள், பிழைக்காது. வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்தப் பூஞ்சை மண்ணிலேயே வருடக்கணக்கில் இருக்கும். அடுத்த முறை வேறு பாத்தி, சட்டியென்றால் புது மண்.