லோடு ஏறும்போது இறங்கும் வோல்டேஜ்

பம்புசெட்டை செல்போனிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. அதிலிருக்கும் ஜிஎஸ்எம் மாட்யூல் (செல்போன் நெட்வொர்க்கோடு பேசும் பகுதி), சிக்னல் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். தொடர்ந்து அல்ல, 4.6 மில்லிவினாடிக்கு ஒரு தரம், அதுவும் 0.58 மில்லிவினாடி மட்டும். மல்டிமீட்டரில் 4 வோல்ட் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். மாட்யூலோ நெட்வொர்க் பிடித்த கையோடு அணைந்துபோகும். புதிதாக வருகிறவர்கள் உடனே, "மாட்யூல் சரியில்லை, மாத்திடலாம்" என்பார்கள்.

ஆசிலோஸ்கோப்பை (வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைப் படமாகக் காட்டும் கருவி) ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாகப் பிடித்து வைக்கும் பகுதி) முனையில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. புரோபின் கிரவுண்டு உட்பட மாட்யூலின் காலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பள்ளங்கள்! நடுவில் இருப்பது ஒயரும் கனெக்டரும்தான். போக வர 0.3 ஓம் இருந்தாலே 2 ஆம்பியரில் 0.6 வோல்ட் போய்விடும். மிச்சம் 3.4 வோல்ட், சிம்800எல் என்ற இந்த ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு அதுதான் கீழ் எல்லை. ரெகுலேட்டர் தன் முனையை மட்டும்தான் கவனிக்கும். லேப் சப்ளைகள் சிலவற்றில் லோடு பக்கத்து வோல்டேஜை நேராகப் பார்க்கத் தனி சென்ஸ் முனை வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒயரைக் குட்டையாக்கி, தடிமனாக்கி, மாட்யூலை ஒட்டி இஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் தடை) குறைவான 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுவோம். அது ஒன்றே முழு 2 ஆம்பியரையும் கொடுத்தால் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 1.15 வோல்ட் இறங்கும். அதனால் ஒயரைச் சரிசெய்யாமல் கெபாசிட்டரை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் ஒன்று. மின்சாரம் மிச்சம் பிடிக்க மாட்யூலை மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வைத்து அணைத்து எழுப்புவோம். எழுப்பும் நொடியில் காலியான அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் மாதிரிதான். பொது சப்ளை சரியும், போர்டின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகும், ரிலே விழும், மோட்டார் நிற்கும். கரண்ட் வரும் சில மணி நேரத்தை நம்பி வயலில் நிற்கிற விவசாயிக்கு அது ஒரு பாசனம் போன கதை. இங்கே மாஸ்ஃபெட்டைப் பதறாமல் திறக்க வைக்க வேண்டும். அதன் கட்டுப்பாட்டுக் காலான கேட்டில் ஒரு ரெசிஸ்டர், கேட்டுக்கும் வெளியீட்டுக் காலான டிரெய்னுக்கும் இடையில் ஒரு சின்னக் கெபாசிட்டர். 10 மில்லிவினாடியில் 4 வோல்ட் ஏறினால் சார்ஜ் ஆக 0.4 ஆம்பியர்தான் வேண்டும். மைக்ரோகண்ட்ரோலருக்கு ஒரு பக்கமாக மட்டும் கரண்ட் விடும் ஷாட்கி டயோடு வழியாகத் தனிக் கெபாசிட்டரும் கொடுத்துவிடுவேன். பொது லைன் சற்றுத் தாழ்ந்தாலும் அதன் சேமிப்பு பின்பக்கம் வடியாது.