நான்காவது எழுத்து

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பணிபுரியும் நான், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணைய மருந்து அகராதியைத் திறக்காத நாள்கள் குறைவு. புற்றுநோய் மருந்து ஒவ்வொன்றுக்கும் பொதுப்பெயர், வணிகப்பெயர், சுருக்கப்பெயர், ஆய்வுக்காலக் குறியீடு எனப் பல பெயர்கள் உண்டு. அங்கே அவை ஒரே பதிவில் சேர்ந்திருக்கும். இமாட்டினிப் என்று தேடினாலும், 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெறுவதற்கு முன் வழங்கிய எஸ்டிஐ571 என்ற குறியீட்டைத் தேடினாலும் சேருமிடம் ஒன்றுதான். நம் நாட்டு நிறுவனங்கள் சூட்டும் பெயர்கள் பலவும் அதில் இராது என்பதால், அட்டையில் பொதுப்பெயரைப் பார்த்துவிட்டே தேட வேண்டும்.

ஒரு மாலை, ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேத்தியின் சீட்டோடு வந்தார். ரத்தப் புற்றுநோய்க்கு வெளியூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த அச்சிறுமி அன்றுதான் வீடு திரும்பியிருந்தாள். சீட்டிலிருந்த மாத்திரைப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள் எல், இ, யு என்பது தெளிவு. நான்காவது எழுத்து சியா, கேயா என்பது விளங்கவில்லை, அதற்குமேல் மை கலைந்திருந்தது. இரண்டையும் தட்டச்சு செய்து பார்த்தபோது என் கை நடுங்கியது. சி என்றால் லூக்கோவோரின்: மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தின் நச்சிலிருந்து நல்ல செல்களைக் காப்பது. கே என்றால் லூக்கெரான்: டிஎன்ஏ இழைகளைப் பிணைத்துச் செல்களைக் கொன்று, எலும்பு மஜ்ஜையையும் ஒடுக்கும் குளோராம்புசிலின் வணிகப்பெயர். குளோராம்புசிலும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுவதுதான் என்பதால், நோயின் பெயரை வைத்து முடிவுசெய்ய வழியில்லை. பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த 15 மி.கி. என்ற அளவுதான் எனக்கு முதல் பிடி கொடுத்தது. லூக்கெரான் 2 மி.கி. மாத்திரையாக வருவது. ஆனால் அகராதி மருந்தின் தன்மையைச் சொல்லுமே தவிர, இந்தக் குழந்தைக்கு எழுதியது எதுவென்று சொல்லாது. மணிக்கணக்குப் பார்த்துத் தரவேண்டிய மருந்தாக இருக்கலாம் என்பதால் நாளை வாருங்கள் என்று அவரை அனுப்பவும் முடியாது. சிகிச்சையளித்த மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க முக்கால் மணி நேரமாயிற்று. லூக்கோவோரின்தான் என்று அவர் எழுத்துக்கூட்டிச் சொன்ன பிறகே மாத்திரையை எடுத்தேன்.

அதுவரை பொறுமையாக நின்ற பெரியவர், சீட்டின் மேற்பகுதியில் குறித்திருந்த ஊசியைப் பற்றிக் கேட்டார். அது வின்கிரிஸ்டின். அதற்கான பதிவைத் திறந்து, அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது என்றேன்.

“நம்ம காட்டுல மானாவாரியா போடுற நித்தியகல்யாணியா தம்பி?”

“அதேதான் அண்ணாச்சி.”

அவர் முகம் மலர்ந்ததைக் கண்டதும் எனக்கு வேறொரு கவலை வந்தது. இலையை அரைத்துக் கொடுக்கலாமே என்று வீட்டில் யாரேனும் சொல்லிவிடக்கூடும். பெருமளவு இலையிலிருந்து மிகச் சிறிதளவே பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய அம்மருந்தையும் ரத்தக்குழாய் வழியாக மட்டுமே, அளந்து செலுத்துகிறார்கள் என்றும், முதுகுத்தண்டு நீரில் தவறிச் செலுத்தினால் உயிரே போய்விடும் என்றும், பச்சிலைச் சாறு அந்த மருந்துக்கு ஈடாகாது, அது நஞ்சு என்றும் நிதானமாக விளக்கினேன்.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“தெரியும் தம்பி. அதுல ஆடுகூட வாய் வைக்காதுல்லா.”