நாக்ஸ் என்றால் எதன் எடை?

முதுநிலை ஆய்வேட்டுக்காக வளிமண்டல வேதியியலைக் கணிக்கும் கணினி மாதிரி ஒன்றுக்கு உள்ளீடு தயாரித்தபோது, வாகனங்கள், மின்நிலையங்கள் முதலியவற்றின் நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வைச் செட்ஸ் (CEDS) என்னும் மனிதச் செயல்பாட்டு உமிழ்வுத் தரவுத் தொகுப்பிலிருந்தும், காட்டுத்தீ, பயிர்க்கழிவு எரிப்பு ஆகியவற்றின் உமிழ்வைச் சிமிப்6 (CMIP6) என்னும் காலநிலை மாதிரி ஒப்பீட்டுத் திட்டத்துக்கான உயிர்ப்பொருள் எரிப்புத் தொகுப்பிலிருந்தும் எடுத்தேன். இரண்டிலும் மாறியின் பெயரில் நாக்ஸ் (NOx, அதாவது நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டைஆக்சைடும் சேர்ந்த குழு) என்றே இருந்தது, அலகும் ஒன்றே. ஆகவே இரண்டையும் அப்படியே கூட்டிவிட்டேன்.

செட்ஸ் அந்த எடையை நைட்ரஜன் டைஆக்சைடாகக் கணக்கிட்டிருந்தது. மற்றது நைட்ரிக் ஆக்சைடாக. முன்னதன் மூலக்கூறு எடை 46, பின்னதன் எடை 30. வாகனங்களிலிருந்து ஒரு கிலோமோல், தீயிலிருந்து ஒரு கிலோமோல் வெளியேறினால் கோப்புகள் முறையே 46 கிலோ, 30 கிலோ என்று காட்டும். கூட்டினால் வரும் 76 எதன் எடையும் அன்று. டைஆக்சைடாகச் சொன்னால் 92, நைட்ரிக் ஆக்சைடாகச் சொன்னால் 60, வெறும் நைட்ரஜனாகச் சொன்னால் 28. எல்லாவற்றையும் டைஆக்சைடாகக் கொண்ட என் வரைபடத்தில் தீயின் உமிழ்வு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைந்துபோனது. அது மாதிரியின் குறை என்று நினைத்து மூன்று வாரம் தேடினேன்.

புகைபோக்கியிலிருந்து வெளிவருவதில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடுதான் என்றாலும், அது ஓசோனுடன் வினைபுரிந்து டைஆக்சைடாக மாறிவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் கோதன்பர்க் நெறிமுறையும் இரண்டையும் டைஆக்சைடாகவே கணக்கிடச் சொல்கிறது. இயற்பியலுக்கு எந்த வழக்கமானாலும் ஒன்றுதான். சிக்கல் அதைப் பெயரில் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது.

இத்தகைய தரவைச் சேமிக்கும் நெட்சிடிஎஃப் (netCDF) கோப்புகளில் மாறிகளை விவரிப்பதற்கான சிஎஃப் (CF) மரபின் நியமப் பெயர்கள் இந்த இடத்தில் உதவுகின்றன. நாக்ஸ் உமிழ்வுக்குரிய நீண்ட பெயரின் நடுவில் 'எக்ஸ்பிரஸ்டு ஆஸ் நைட்ரஜன் மோனாக்சைடு' (நைட்ரஜன் மோனாக்சைடாகச் சொல்லப்பட்டது) என்ற தொடர் வருகிறது. எந்தச் சேர்மத்தின் எடையாகக் கணக்கிட்டார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடும். நைட்ரிக் ஆக்சைடு என்று நாம் பழகியதை அம்மரபு நைட்ரஜன் மோனாக்சைடு என்றே எழுதுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பூட்டும் வாயு, நாக்ஸ் குழுவில் சேராது. நைட்ரிக் அமிலம் போன்றவற்றையும் உள்ளடக்கிய நாய் (NOy) என்னும் குழுவுக்குத் தனிப் பெயர் உண்டு (தமிழில் உச்சரித்தால் ஆய்வகத்தில் சிரிப்பு எழும்).

புதிதாகத் தொடங்குவோர் கோப்பைத் திறந்ததும் என்சிடம்ப் (ncdump) என்னும், கோப்பின் உள்ளடக்கத்தை எழுத்தாகக் காட்டும் கட்டளையால் தலைப்புப் பகுதியை முழுவதும் படித்து, 'எதன் எடை' என்பதற்கு விடை கிடைத்த பின்னரே கூட்டலுக்குப் போகவேண்டும். விடை கிடைக்காவிட்டால் தொகுப்பின் ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். நான் இப்போது எல்லாவற்றையும் முதலில் மோலுக்கு மாற்றிவிட்டு, இறுதியில் மாதிரி கேட்கும் எடைக்குத் திரும்புகிறேன்.